கலங்கிய பை

செக்காலை, காரைக்குடி.
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் ஆன் மேரிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாக இருக்க வேண்டும் என்று தேவமாதாவிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை.

தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இப்போது என்ன கடிதாசி என்று நினைப்பாய். போன் அடித்தால் அப்பா என் தோளை இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். மெசேஜ் அடிக்கலாம் என்றால், என் போனில் வருவது போவது எல்லாவற்றையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் படிப்பவர் அவர்தான். அவர் அறியாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு சம்சுதீன் அண்ணன் மகன் நாசர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் குவைத்துக்குத் திரும்புகிறான். உனக்குச் சீப்புச் சீடையும் பருப்புப் பொடியும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பார்சலுக்குள் இதுவும் வரும். ஒரே மூச்சில் எழுதி முடிக்க என்னால் ஆகாது. ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் போனில் பாதிதான் சொன்னோம். முழுசாகச் சொல்கிறேன். ஒன்றரை வருஷமாக ஒரு நாளைக்கு நாலு வேளை, நீ படித்த அறையில், அப்பாவின் வயிற்றில் இருக்கும் பழைய தண்ணீரைக் குழாய் வழியாக வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரை ஏற்றுகிறேன். கிட்னி கைவிட்ட வேலையை அந்த இரண்டு லிட்டர் தண்ணீர் பார்க்கிறது. வடிந்த பையை அச்சடித்த தாளின் மேல் வைக்க வேண்டும், அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் தண்ணீர் சுத்தம் என்று மதுரை ஆஸ்பத்திரி நர்ஸ் ரோகிணி சொல்லிக்கொடுத்தாள். அப்பா அதைத் தன் பேப்பர் வாசிப்பாகவே ஆக்கிக்கொண்டதை நீ போன லீவில் பார்த்துச் சிரித்தாய். பழைய பேப்பர் ஆகாது, அன்றைக்கு வந்த பேப்பர்தான் வேண்டும். பையை மேலே வைத்துக்கொண்டு, ரேடியோக்காரர் மாதிரி தொண்டையைச் செருமிவிட்டுத் தலைப்புச் செய்தியைப் படிப்பார். தங்கம் விலை வரைக்கும் வந்த பிறகுதான் பையைக் கொட்ட விடுவார்.

ஞாயிறு காலை ஆறு மணிப் பையை வைத்தார். தொண்டையைச் செருமினார். ஒன்றும் படிக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. அடியில் பேப்பர் இருக்கிறது என்பதே தெரியவில்லை. புதுவயல் மில்லில் முப்பது வருஷம் மூட்டைகளுக்கு நடுவில் நின்று வேலை வாங்கிய மனுஷன், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "யூஜினி, நேத்தே லேசா வலி இருந்துச்சு, நீ பயந்துருவன்னு சொல்லல" என்றார். உடனே ரோகிணிக்குப் போன் போட்டேன்.

பூசைக்குப் போக வெளுத்து வைத்திருந்த சேலை கொடியிலேயே கிடந்தது. சம்சுதீன் அண்ணன் எதுவும் கேட்காமல் காரை எடுத்தார். கலங்கிய பையைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மதுரை வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். இளஞ்சூடாக இருந்தது. அவர் உடம்புச் சூடு அது என்று வழியெல்லாம் முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது என்றார். குழாய் திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் விரல் பட்டிருக்கலாம், தூசி பட்டிருக்கலாம், மூச்சு பட்டிருக்கலாம், எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும் என்றார். அப்புறம், "அஞ்சு நாள் பார்ப்போம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி தெளியலைன்னா குழாயை எடுத்துர வேண்டியதுதான்" என்றார். குழாயை எடுத்தால் என்ன ஆகும் என்று நர்ஸான உனக்கு நான் சொல்ல வேண்டாம். இரத்தம் சுத்தம் செய்யும் மிஷினுக்காகக் கையில் நரம்பை இணைத்த ஆபரேஷன் இரண்டு தடவையும் கூடவில்லை. கழுத்தில் ஊசி போட்டு மிஷினில் வைத்த மூன்று தடவையும் பிரஷர் இறங்கி அப்பாவுக்குக் கண் சொருகிவிட்டது. அந்த இருதயம் மிஷினைத் தாங்காது என்றுதான் இந்தப் பை வந்தது. இதையும் எடுத்துவிட்டால் அப்புறம் என்ன என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

திங்கட்கிழமை வரைக்கும் அங்கேயே வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் கல்யாணசுந்தரி உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் எங்களோடு பை மாற்றப் பழகிக்கொண்டவள், அவள் வீட்டுக்காரருக்கும் இதே குழாய். எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் காலடியில் இருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டேன். பிரிக்காத தண்ணீர்ப் பெட்டி நாலு. வேறு யாருக்காவது ஆகட்டும் என்று ரோகிணியிடம் ஒப்படைக்க வந்திருக்கிறாள். அவருக்கும் முதலில் பைதான் கலங்கியதாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ரெண்டாவது தடவை கலங்குனப்ப குழாயை எடுத்துட்டாக. அப்புறம் இருபது நாள்தான்" என்றாள். வீட்டுக்கு வந்தும் அந்த நாலு பெட்டி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்போது மருந்தை ஊசியில் எடுத்துப் பைக்குள் ஏற்றுவதும் என் வேலை. ரோகிணி பழக்கிவிட்டு அனுப்பியிருக்கிறாள். சோப்புப் போட்டுப் போட்டு என் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. வெடிப்புக்குள்ளும் கிருமி இருக்குமோ என்று தோன்றுகிறது. மழைக்காலம் வேறு, அறைச் சுவரில் கையை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. சுவரில் பல்லியைப் பார்த்தால்கூடக் கதவைச் சாத்திவிட்டு ஓடத் தோன்றுகிறது. என் சுத்தம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்களைக் காலைக் கழுவ வைத்தே விரட்டுகிறேன் என்று நீயே கேலி பேசியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் புதிதாக வருகிறவர்களிடம், யூஜினியாம்மா செய்வது மாதிரி செய்யுங்கள் என்று ரோகிணி என்னைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்பதை ஆண்டவர்தான் அறிவார்.

அந்த ரோகிணி ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள், இந்த வாரத்தில் பை மாற்றும்போது ஏதாவது தப்பு நடந்ததா என்று. இல்லை என்றேன்.

நாலு மணிப் பைக்கு நேரமாகிவிட்டது. கை கழுவப் போகிறேன்.

புதன்கிழமை, சாயங்காலம்.

நீ போனை வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. வலி வந்தால் கட்டில் சட்டத்தை விரலால் அழுத்திப் பிடிப்பார், சத்தம் வராது. நான் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் ரோகிணி கூப்பிட்டாள். பரிசோதனை வந்துவிட்டது. வளர்ந்திருப்பது வாயிலும் தொண்டையிலும் குடியிருக்கும் கிருமியாம். எல்லார் வாயிலும் இருக்குமாம், அங்கே இருக்கிற வரைக்கும் ஒன்றும் செய்யாதாம். வயிற்றுக்குள் போனால்தான் இப்படியாம். மருந்துக்கு அடங்குகிற கிருமிதான் என்றாள். ஆனால் அப்பாவின் உடம்பில் அடங்குகிறதா என்பதைப் பைதான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். குழாய் திறந்திருந்தபோது யாராவது மாஸ்க் இல்லாமல் பேசினார்களா, இருமினார்களா என்று கேட்டாள். காரணம் தெரியாமல் மறுபடி வீட்டில் செய்ய விடுவதற்கு டாக்டர் யோசிக்கிறார் என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு அதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போனைக் கையிலிருந்து வாங்கினார். "நான்தாம்மா. மாஸ்க் போட்டா எனக்கு மூச்சு முட்டுது. இறக்கி விட்டுட்டு ஏதாச்சும் பேசியிருப்பேன். யூஜினி மேல தப்பு இல்ல, அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் நீ கூப்பிட்டபோது அதையே உன்னிடமும் சொன்னார். நீ கொதித்துவிட்டாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, ஆன். பயத்தில் வந்த கோபம் எனக்குத் தெரியாதா. இத்தனை கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஊர்பேர் தெரியாத நோயாளிகளைப் பார்க்கிறேன், சொந்த அப்பா ஒரு மாஸ்க்கைப் போட மாட்டேன் என்றால் நான் என்ன செய்வது என்றாய். உயிரோடு விளையாடுகிறீர்களா என்றாய். அவர் சின்னப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டி, "சரி பாப்பா, இனிமே செய்யல பாப்பா" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் முகம் உன் திரையில் பாதி தெரிந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை.

இது ராத்திரி எழுதுவது. சாப்பிட இரண்டு இட்லி வைத்தேன். ஒன்றோடு எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை, காலை.

இன்றைக்குக் காலைப் பையில் தலைப்புச் செய்தியின் பெரிய எழுத்து மட்டும் நிழலாகத் தெரிந்தது. அப்பா எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பொடி எழுத்து எதுவும் தெரியவில்லை. நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை என்கிறார். அவர் எனக்காகச் சொல்கிறாரா, உண்மையாகவே தெரிகிறதா என்று புரியவில்லை. இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது.

எழுத வந்ததை எழுதிவிடுகிறேன்.

உன் அப்பாவின் வயிற்றுக்குள் கிருமி போனது என் வாயிலிருந்து.

போன வெள்ளி, மாதத்தின் முதல் வெள்ளி. கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்குப் பங்குச் சாமியார் வீடு தேடி வந்து நன்மை அப்பம் கொடுக்கிற நாள். எப்போதும் பத்து மணிக்கு வந்துவிடுவார். அப்பா ஒன்பது மணிக்கே வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்துவிடுவார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி வைத்திருந்தேன். பத்தரை ஆனது, வரவில்லை. எங்கோ சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பதினோரு மணிப் பையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அறைக்குள் போய்விட்டோம்.

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கை கழுவி, இருவரும் மாஸ்க் போட்டு, எல்லாம் முறைப்படிதான் செய்தேன். அப்பாவின் குழாய் மூடியைக் கழற்றிவிட்டேன். இடது கையில் அவர் குழாய், வலது கையில் புதுப் பையின் முனை. அந்த நேரம் பார்த்து வாசலில், சாமியாரோடு வரும் உபதேசியார் செல்வத்தின் குரல், "அம்மா, நன்மை வந்திருக்கு" என்று. அப்பா கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் சிலுவை போட்டார். மாஸ்க்குக்குள்ளிருந்து வாங்க என்றேன், அது எனக்கே கேட்கவில்லை. செல்வம் மறுபடியும் கூப்பிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது, சாமியார் நன்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஆண்டவரையே நனைய விடுகிறோமே என்று எனக்குப் பதறிவிட்டது. வாயை மூடிக்கொண்டு அவரை வரவேற்பதா என்றும் ஒரு கூச்சம். புறங்கையால் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே தள்ளிவிட்டு, "வாங்க சாமி, தோத்திரம் சாமி" என்று சத்தமாகச் சொன்னேன்.

நாலு வார்த்தை. என் வாய்க்கு நேர் கீழே ஒரு சாண் தூரத்தில் அவர் குழாய் திறந்திருந்தது.

இப்படி ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. பையை இணைக்காதே, மூடியைப் போடு, உடனே போன் செய், குழாயின் முனையை மாற்றி மருந்து கொடுத்துவிடலாம் என்று ரோகிணி முதல் நாளே சொன்னாள். நானே புதியவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சாமியார் உள்ளே வந்துவிட்டார், மெழுகுதிரி பற்றவைக்க வேண்டும். நாலு வார்த்தைதானே, ஒன்றும் ஆகாது என்று இணைத்துவிட்டேன். அன்றைக்கே போன் செய்திருந்தால் இன்றைக்கு இந்தப் பை கலங்கியிருக்காது. பேசியதைக்கூட ஆண்டவர் மன்னிப்பார், போன் செய்யாததை எப்படி மன்னிப்பார்.

பெருமைதான் காரணம், ஆன். யூஜினியாம்மா தப்புச் செய்துவிட்டாள் என்று ரோகிணி நினைக்கக் கூடாது என்ற பெருமை. ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று சொன்னதும் அதனால்தான். நேற்று வாயடைத்து நின்றதும் அதனால்தான். என் பெருமையை அப்பா தன் தலையில் வாங்கிக்கொண்டு உன்னிடம் திட்டு வாங்கினார். அவருக்கு உண்மை தெரியாது, என் குரல் கேட்டிருக்கும், மாஸ்க் இறங்கியதைப் பார்த்திருக்க மாட்டார், கண்ணை மூடியிருந்தார். தெரிந்தால் என் கையை நம்பி இனி எப்படி வயிற்றைக் காட்டுவார். டாக்டரிடம் சொன்னால் உனக்கு இனி இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயம். சொல்லாவிட்டால் காரணம் அப்பாதான் என்று வீட்டில் செய்யவே விடமாட்டார்களோ என்றும் பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்யாணசுந்தரியின் பெட்டிகள்தான் தெரிகின்றன.

நேற்றிலிருந்து செபமாலையைக் கையில் எடுத்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கும்போதே, இந்த வாய்தானே என்று தோன்றிவிடுகிறது. மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எழுது. அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

வெள்ளிக்கிழமை, மூன்று மணி.

நாசர் ஐந்து மணிக்கு வந்துவிடுவான். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், கோர்வையாக வராது.

விடிகாலையில் நல்ல மழை. பேப்பர் வாசலில் கிடந்து ஊறிப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. பிரித்தால் கிழிகிறது. அதனால் ஆறு மணிப் பையை அப்பா வைத்துப் பார்க்கவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. டாக்டர் சொன்ன வெள்ளி இதுதான். மதுரைக்கு எடுத்துப் போகத் துணிப்பையில் அவர் வேட்டி, சட்டை, சோப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

பதினோரு மணிப் பை வடிந்து முடிந்து, புதுத் தண்ணீர் ஏற்றி, மூடியும் போட்டாகிவிட்டது. அப்போது சம்சுதீன் அண்ணன் வீட்டு ஷரபுன்னிசா அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். நாசரின் பெட்டியை எடை போடப் போகிறார்களாம், பார்சலில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பார்சலில் வைக்க இந்தக் கடிதத்தை எடுத்தவள், பைக்கு நேரமாகிவிட்டதென்று கூடத்து மேசையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அது என் ஞாபகத்திலேயே இல்லை. அக்காவிடம் பேசிவிட்டுத் திரும்பினால் அப்பா மேசைக்கு வந்துவிட்டார். வடிந்த பையைக் கையில் வைத்திருக்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறார். பேப்பர் இல்லாததால் கையில் கிடைத்த தாளின் மேல் பையை வைத்துவிட்டார்.

தொண்டையைச் செருமினார். "உன் அப்பாவின் வயிற்றுக்குள் கிருமி போனது என் வாயிலிருந்து" என்று படித்தார்.

நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிரவில்லை. பையை ஒரு விரற்கடை கீழே நகர்த்தி அடுத்த வரியைப் படித்தார். அப்புறம் வாய்க்குள்ளேயே படித்தார். பை தாளின் மேல் வரி வரியாக இறங்கியது. அந்தப் பக்கம் முழுவதையும் அந்தத் தண்ணீர் வழியாகவே படித்து முடித்தார். என் எழுத்து எவ்வளவு பொடி என்று உனக்குத் தெரியும், ஒரு தாளில் இரண்டு தாள் விஷயத்தை அடைப்பவள் நான். ஒரு இடத்தில்கூட அவர் தடுமாறவில்லை.

"யூஜினி, உன் பொடி எழுத்தே தெரியுது" என்றார்.

எனக்கு எதற்கு அழுவது என்று தெரியவில்லை. தெளிந்ததற்கா, மாட்டிக்கொண்டதற்கா. தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது எனக்கு அன்னைக்கே தெரியும். குழாய் யார் வயித்துல இருக்கு" என்றார். கண்ணை மூடியிருந்தீர்களே என்றேன். சிலுவை போட்டவுடன் திறந்துவிட்டாராம். நான் மாஸ்க்கை இறக்கியதைப் பார்த்தாராம், சாமியார் வந்த சந்தோஷத்தில் அவரும் பேசாமல் இருந்துவிட்டாராம்.

பின்னே ஏன் ரோகிணியிடமும் ஆனிடமும் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீதான்னு உனக்கு ஊர்ஜிதமாயிட்டா, பை மாத்துறப்ப உன் கை நடுங்கும். நடுங்குற கையில என் குழாயைக் குடுக்க எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் நான்னு சொல்லிப்புட்டேன்" என்றார். என் மேல் இருக்கிற பாசத்தால் என்று சொல்லியிருந்தால்கூட நான் நம்பியிருக்க மாட்டேன். பயம் என்றதும் நம்பினேன். அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், நாலு வேளையும் செய்தி படித்துக்கொண்டு.

உடனே ரோகிணிக்குப் போன் செய்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டாள். தண்ணீர் தெளிந்தால் குழாய் இப்போதைக்கு இருக்கட்டும் என்றாராம். திங்கட்கிழமை போக வேண்டும், தண்ணீரைப் பரிசோதித்துக் கிருமி போய்விட்டதா என்று பார்ப்பார்கள், குழாயின் முனையை மாற்றுவார்கள், மருந்து இரண்டு வாரம் முழுசாக ஏற்ற வேண்டும். அன்றைக்கே என்னை மறுபடி முதலிலிருந்து செய்து காட்டச் சொல்வார்களாம். யூஜினியாம்மா பழையபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டும். செல்வத்திடமும் சொல்லிவிட்டேன், இனி முதல் வெள்ளி வாசலுக்கு வருமுன் போன் செய்யச் சொல்லி. சாமியார் வாசலில் காத்திருக்கட்டும், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பயம் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதே. இன்றைக்குத் தெளிந்தது நாளைக்கும் தெளிந்திருக்க வேண்டும். கல்யாணசுந்தரி வீட்டிலும் முதல் தடவை தெளிந்துதான் இருந்தது. அப்பா சொன்னது பலித்துவிட்டது, மத்தியானத்திலிருந்து என் விரல் நிலையாக இல்லை. இந்த வரிகள் கோணலாகப் போவதிலிருந்தே தெரிந்துகொள்வாய். நாலு மணிப் பை இருக்கிறது. இந்தக் கையால்தான் மாற்ற வேண்டும், வேறு கை இந்த வீட்டில் இல்லை.

நீ அப்பாவைத் திட்டியதற்கு அவரிடம் இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசு. என்னைத் திட்ட வேண்டியதை எனக்குத் தனியாக எழுது, வாங்கிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வா என்று கேட்க மாட்டேன், உன் லீவு நிலவரம் தெரியும். சீடையைச் சின்னவனுக்கு உடைத்துக் கொடு, பல்லுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள். உங்கள் மூன்று பேர் நெற்றியிலும் நான் சிலுவை வரைந்ததாக வைத்துக்கொள். மரியாயே வாழ்க.

உன் அம்மா,
யூஜினியா செபஸ்தியான்.

பாப்பா,

அப்பா எழுதுகிறேன். அம்மா பக்கத்து வீட்டில் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வருவதற்குள் உறையை ஒட்டிவிடுவேன்.

நாலு மணிப் பை முடிந்தது. மாஸ்க் இருந்தது, மூடி கீழே விழவில்லை, குழாய் எதிலும் படவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவள் கை ரொம்ப நடுங்கியது. எனக்கு உயிரே இல்லை. முடிந்ததும், நடுங்கினேனா என்று கேட்டாள். இல்லை, எப்போதும் போலத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன், கிறிஸ்துமஸுக்கு முடிந்தால் வா. வந்து பார்க்கும்போது, கை நடுங்குகிறதா என்று உன்னிடமும் கேட்பாள். நீயும் இல்லை என்றே சொல்.

அப்பா.